முப்பது கிராம் துணி

சோப்புக் கட்டியை எடுத்துத் தராசில் வைக்கிறார். உறை பிரிக்காத புதுச் சோப்பு. மேலே நூறு கிராம் என்று அச்சடித்திருக்கிறது. எண்கள் கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டு நூற்று மூன்றில் நிற்கின்றன. "உறை மூணு கிராம். சரியாத்தான் சொல்லுது" என்று சோப்பை இழுப்பறைக்குள் போடுகிறார். அடுத்து வெறும் தட்டு ஏறுகிறது. பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்குகிறார். அதற்கப்புறம்தான் கையுறை. பெண்கள் வார்டில் எடைக்காரம்மாவின் காலை ஏழு மணி இப்படித் தொடங்குகிறது.

தராசு ஒன்றும் பிரமாதமான மருத்துவக் கருவி இல்லை. வீட்டில் கேக் செய்கிறவர்கள் மாவு நிறுக்க வைத்திருப்பார்களே, அதுதான். கண்ணாடியின் ஒரு மூலை விரிசல் விட்டு, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. வார்டின் கடைசியில் குளியலறைக் கதவுக்கு எதிரே ஒரு தகர மேசையில் அது உட்கார்ந்திருக்கிறது. ரத்தப்போக்கு உள்ள பெண்கள் மாற்றும் துணிகளெல்லாம் அதில் ஏறித்தான் எரிக்கிற தொட்டிக்குப் போகின்றன. பழைய படுக்கை விரிப்புகளைக் கிழித்து, எட்டாக மடித்து, ஆஸ்பத்திரித் தையலறையிலேயே தைத்த துணிகள். காய்ந்த துணி ஒன்று முப்பது கிராம். நனைந்து வந்த எடையில் முப்பதைக் கழித்தால் மிச்சம் ரத்தம். ஒரு கிராம் என்பது ஏறக்குறைய ஒரு மில்லி. "நெறயப் போச்சு, கொஞ்சமாப் போச்சுன்னு பொம்பளைங்க சொல்றதை வெச்சு வைத்தியம் பாக்க முடியாது. ஒருத்திக்கு நெறயங்கறது இன்னொருத்திக்குக் கொஞ்சம்" என்பது எடைக்காரம்மாவின் விளக்கம்.

என் நாத்தனாருக்குக் கர்ப்பப்பைக் கட்டி எடுத்தார்கள். தையலில் ஓரிடம் ஆறாமல் மக்கர் பண்ணியதால் பன்னிரண்டு நாள் அந்த வார்டில் அவளுக்குத் துணையாக இருந்தேன். முதல் இரண்டு நாள் நாத்தனாரைக் கவனித்தேன். மீதி நாட்கள் எடைக்காரம்மாவைக் கவனித்தேன் என்று சொன்னால் நாத்தனார் கோபித்துக்கொள்வாள். ஆனால் அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

ஐம்பத்து நாலு வயது. குள்ளம். முன்கைகள் மட்டும் யாரோ வேறு ஒருவரிடம் கடன் வாங்கியவை போலத் திரண்டிருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் ஒரு நொடி நிறுத்தி, உள்ளங்கையை லேசாக மேலும் கீழும் அசைத்த பிறகுதான் அடுத்த வேலை. ஆரஞ்சுப் பழம், மருந்துப் புட்டி, பார்வையாளர் கொண்டுவரும் பை, எதற்கும் விலக்கு இல்லை. என் கைப்பையை நகர்த்தி வைத்தவர், "ரெண்டே முக்கால் கிலோ. இதைத் தூக்கிட்டு அலைஞ்சா தோள் வலிக்காம என்ன செய்யும்?" என்றார். தோள் வலி என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் பையைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐம்பது கிராம்தான் வித்தியாசம். உள்ளே இருந்த புத்தகத்தை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன்.

இந்தக் கை வந்த வழி ஆஸ்பத்திரி இல்லை. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் பழைய பேப்பர் கடையில் எடை போட்டிருக்கிறார். கட்டுக் கட்டாகச் செய்தித்தாள் கொண்டுவருகிறவர்களில் சிலர் நடுவில் இருக்கும் தாள்களில் தண்ணீர் தெளித்துவிடுவார்களாம். வெளியே பார்த்தால் காய்ந்த கட்டு, உள்ளே ஈரம். கட்டைப் பிரிக்காமல், விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தியே கண்டுபிடிப்பாராம். "தண்ணி ஏத்துன பேப்பர் வேற மாதிரி கனக்கும். அது அப்படியே கீழ உக்காரும்" என்றார். கனத்தில் அப்படி இரண்டு மாதிரி உண்டா என்று கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

வீட்டிலும் இதே ரகளைதான். மருமகள் சோப்புத்தூளைக் கையால் அள்ளிப் போடுகிறாள் என்பது ஆறு வருஷத்து வழக்கு. கணவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். 'உன்னைக் கட்டுனதுக்கு ஒரு தராசைக் கட்டியிருக்கலாம், அதுவாச்சும் தொட்டாத்தான் பேசும்' என்று அவர் சொன்னதை எடைக்காரம்மாவே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். மற்ற ஆயாக்கள் அவரைக் கேலி செய்யாத நாள் இல்லை. அவர்கள் துணியைப் பிளாஸ்டிக் பையோடு தட்டில் போட்டு, எண்ணைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு பையையும் பிரித்து, துணியை விரித்து, நிறம் பார்த்து, கட்டி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு நிறுப்பார். ஐந்து நிமிட வேலை அரை மணி நேரம் ஆகும். "எடைக்காரம்மா தங்கம் உரசுறாங்க, வழி விடுங்க" என்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறாம் படுக்கைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தொன்பது வயது. தங்கும் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலை. பத்தாவது வாரத்தில் கரு கலைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, தானாக வெளியே வந்துவிடும் என்றிருக்கிறார்கள். வந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு நாள் விடும், மறுபடி வரும். இங்கே ஸ்கேனில் உள்ளே இன்னும் கொஞ்சம் தங்கியிருக்கிறது என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் சுரண்டிச் சுத்தம் செய்துவிடலாம், சின்ன வேலை, மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று இளைய டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை துணிகளை எடை போடச் சொன்னார்.

எடைக்காரம்மாவுக்கு சனியும் ஞாயிறும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் ஆறாம் படுக்கையைப் பார்த்துப் பார்த்து நானும் நாத்தனாரும் அசந்துபோனோம். தலையணை உறையை இழுத்துவிட்டு, விரிப்பின் மூலைகளைக் கடிதம் மடிப்பது போல மடித்துச் செருகி, துண்டை மூன்றாக மடித்துக் கம்பியில் தொங்கவிட்டு, நோயாளி படுக்கிற படுக்கையா அது என்று சந்தேகம் வரும்படி வைத்திருந்தாள். குளியலறைக்குப் போனால் குழாய் நெடுநேரம் ஓடும். "என்ன சுத்தம் பாரு" என்று நாத்தனாரிடம் மெச்சிச் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்து அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை. சோப்பு, வெறும் தட்டு, கையுறை எல்லாம் முடிந்து எடைக்காரம்மா இரண்டு நாள் தாளைக் கையில் எடுத்தார். ஆறாம் படுக்கைக்கு நேரே நின்றார். நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்று, நாற்பது. எல்லாம் துணி எடை கழித்தது.

"என்ன சிஸ்டர் இது?"

பெரிதாக ஒன்றும் போகவில்லை, ஒரே சீராக இருக்கிறது, நல்லதுதானே என்றார் நர்ஸ்.

"ரத்தம் என்ன பாக்கெட் பாலா, ஒரே அளவுல வர்றதுக்கு?"

மேசையில் அப்போதுதான் வந்த ஒரு பை இருந்தது. பிரித்தார். துணியை எடுத்து விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். இன்னொரு தரம் அழுத்தினார். வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு சொட்டு தட்டில் விழுந்தது.

"தண்ணி" என்றார். நிறுக்கக்கூட இல்லை.

ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு ஆறாம் படுக்கைக்குப் போனார். என்னவோ நடக்கிறது என்று தெரிந்து நான் நாத்தனாரின் போர்வையை அவசியமில்லாமல் சரிசெய்தேன். எடைக்காரம்மா குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு, துணியை ஏன் அலசிப் பிழிந்து போடுகிறாய் என்று கேட்டார். அவள் முதலில் இல்லை என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரு நாளைக்குப் பதினாலு ரூம்க்கா எனக்கு. எவனெவனோ படுத்தது, எவளெவளோ விட்டுட்டுப் போனது, எல்லாம் இந்தக் கையாலதான் வாரிப் போடுவேன். வீட்டுக்குப் போனா என் பிள்ளைய இந்தக் கையால தொடப் பிடிக்காது. நீங்களும் அதே வேலைதான பாக்குறீங்க. என்னோடதயும் வேற உங்ககிட்ட குடுக்கணுமா?"

எடைக்காரம்மா முக்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வார்டில் எத்தனையோ பேர் அவரை அதட்டியிருக்கிறார்கள். அவர் வேலையைச் சுலபமாக்க ஒருத்தி மெனக்கெட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நாத்தம் எனக்குப் பெருசில்லம்மா. நம்பர் பொய்யாயிட்டா எனக்குத் தூக்கம் வராது. அடுத்ததை அப்படியே குடு" என்றார். பிறகு, எத்தனை தரம் அலசினால் தண்ணீர் தெளிந்தது, கட்டி வந்ததா, எவ்வளவு பெரிது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எலுமிச்சம்பழம் அளவு என்று அவள் சொன்னபோது குறித்துக்கொண்டிருந்த பேனா நின்றது.

அலசாத முதல் துணி வந்தது. முப்பது போக நூற்று எண்பத்திரண்டு. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொன்று, நூற்று அறுபது.

இளைய டாக்டர் வந்ததும் எடைக்காரம்மா தாளைக் கொண்டுபோய் நீட்டினார். டாக்டருக்கு அவசரம். எப்படியும் நாளைக் காலையில் சுத்தம் செய்யப்போகிறோமே, நின்றுவிடும் என்றார்.

"பண்ணுங்க டாக்டரம்மா. இந்த அஞ்சு நம்பரும் தண்ணி. இந்த ரெண்டும்தான் ரத்தம். இதைப் பாத்துட்டுப் பண்ணுங்க."

டாக்டர் தாளைப் பார்த்தார். ஆறாம் படுக்கையைப் பார்த்தார். பிறகு, அந்தப் பெண்ணின் வயிற்றை மூடியிருந்த விரிப்பை விலக்கி, அடிவயிற்றில் குறுக்கே ஓடிய பழைய தழும்பைத் தொட்டு, எத்தனை சிசேரியன் என்று கேட்டார். இரண்டு என்றாள். அதற்கப்புறம் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். ரத்தம் எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், பெரிய டாக்டர் வந்தார், மறுபடியும் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மாலையில் அந்தப் பெண்ணின் கணவனை வார்டுக்கு வரவழைத்துப் பெரிய டாக்டர் விளக்கியது பக்கத்துப் படுக்கைக்காரர்களான எங்கள் காதிலும் சேர்ந்துதான் விழுந்தது. உள்ளே தங்கியிருப்பது வெறும் மிச்சமில்லை. நஞ்சுக்கொடியின் ஒரு பகுதி பழைய சிசேரியன் தழும்பில் வேர்விட்டுக் கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. பத்து வாரத்திலேயே இப்படி ஆவது அபூர்வம், ஆனால் ஆகும். சாதாரணமாக அது தானாகக் கழன்று வந்துவிடும். இது கழலாது. கணவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். டெலிவரி வேன் ஓட்டுகிறவன். டாக்டர் போனதும், என்ன சொன்னார் என்று எடைக்காரம்மாவிடம் கேட்டான்.

"சுவத்துல பசை போட்டு ஒட்டுன போஸ்டரைப் பிச்சா என்னாகும் தம்பி? காரையும் சேந்து பேந்து வரும்ல. நாளைக்கு அதைத்தான் பிக்க இருந்தாங்க. பேந்த எடத்துலேர்ந்து ரத்தம் நிக்காது. இப்ப பிக்க மாட்டாங்க."

அவன் திரும்பிப் பக்கத்துச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தான்.

பிய்க்காமல் என்ன செய்வது என்பதற்குப் பெரிய டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளங்களை உள்ளிருந்தே அடைப்பது. ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிட்டால் மெல்ல மெல்லச் சுருங்கும். சுருங்காமலும் போகலாம். அடைத்த பிறகும் பன்னிரண்டு மணி நேரத்தில் நூறு கிராமுக்கு மேல் போனால் காத்திருக்க முடியாது, கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியதுதான்.

ரெண்டு பிள்ளை இருக்கிறதே, எடுத்துவிட்டால்தான் என்ன, தொல்லை விட்டது என்று என் நாத்தனார் அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் சொல்லப் போனாள். அவள் கூரையைப் பார்த்தபடியே, "என்னைக் கேக்காம ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணாச்சும் இருக்கட்டும்" என்றாள். நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு அபூர்வம்.

நாளங்களை அடைத்தது செவ்வாய்க்கிழமை. அன்று நண்பகலிலிருந்து எண்கள்தான் பேச்சு. முதல் அரை நாள் எண்பத்து நாலு. அடுத்தது அறுபத்தொன்று. ஆனால் இப்போது எல்லோருக்கும் ஒரு கவலை இருந்தது. முன்னே அவள் அலசியது பிறத்தியாருக்காக. இப்போது அலசுவதற்கு அவளுக்கே ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. எடை குறைந்தால் கர்ப்பப்பை தப்பும். நாலு கை தண்ணீர் போதும். அவள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும், குளியலறைக் கதவைத் திறந்துவைத்து யாராவது உள்ளே நின்றால் நல்லது என்று நர்ஸ் எடைக்காரம்மாவிடம் சொன்னார்.

"நான் என்ன போலீஸா? அவ குடுக்கறதை நான் வாங்குவேன். அவ்வளவுதான் என் வேலை."

பொய்யாகக் கொடுத்தால் என்ன செய்வது என்று நர்ஸ் விடவில்லை. எடைக்காரம்மா தராசின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைப்பதை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சுற்று வந்து போயிருந்த டாக்டர்கள், அன்று நண்பகல் எண்ணையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அரை நாளில் ஏற்கெனவே முப்பத்து மூன்று போயிருந்தது. ஆறாம் படுக்கைப் பெண் சாய்ந்து உட்கார்ந்து பால் குடித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று டம்ளரைக் கீழே வைத்தாள். கை அடிவயிற்றுக்குப் போனது. எங்கள் யாரையும் பார்க்காமல் எழுந்து, இரண்டு கால்களையும் ஒட்டி வைத்தபடி குளியலறைக்கு நடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

எடைக்காரம்மா தகர மேசையை விட்டு எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றார். தட்டவில்லை. கூப்பிடவில்லை. நர்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; எடைக்காரம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அதை அப்படியே விட்டுவிட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் எனக்குத் தெரிந்தது, விரல் பதிந்திருந்தது.

தாழ்ப்பாள் விலகியது. அந்தப் பெண் வெளியே வந்தாள். துணி பையில் இல்லை. காகிதத்தில் சுற்றியிருக்கவும் இல்லை. வெறும் கையில், அலசாமல், பிழியாமல், சிவப்பாக ஏந்திக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "நெறய மாதிரி இருக்குக்கா" என்றாள்.

அது நாற்பத்தாறு கிராம். முன்பு போனதோடு சேர்த்தால் எழுபத்தொன்பது. நூறைத் தொடவில்லை, அதற்குப் பிறகும் தொடவில்லை, கர்ப்பப்பையோடுதான் அவள் வீட்டுக்குப் போனாள். ஆனால் அந்த நேரத்தில் இது அவளுக்கும் தெரியாது, கையாலேயே கனம் சொல்கிற எடைக்காரம்மாவுக்கும் இன்னும் கைக்கு வராததால் தெரியாது.

துணியைப் போடுவதற்காகத்தான் தட்டு. எப்போதும் அதைத்தான் முன்னால் நீட்டுவார். அன்று அந்தத் தட்டைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டி, வாங்கிக்கொண்டார்.